சாலக்குடி – மலக்கப்பாறை – வால்பாறை – பொள்ளாச்சி: இறக்குவதற்கென்றே ஒரு சாலை

ஜனவரி 8, வியாழன். சாலக்குடி, அதிரப்பள்ளி

சபரிமலை மகரவிளக்குக்கு ஆறு நாள் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 544-இல் கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்பமார் வண்டிகள் விடாமல் போய்க்கொண்டிருக்கின்றன. சாலக்குடியில் அந்தச் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பிய இரண்டாவது நிமிடத்தில் ஹாரன் சத்தமெல்லாம் அடங்கிவிடுகிறது. இதுதான் கேரள மாநில நெடுஞ்சாலை 21. ஊர்க்காரர்கள் யாரும் எண் சொல்வதில்லை. 'ஆனமலை ரோடு' என்றால்தான் கை காட்டுகிறார்கள். மலக்கப்பாறையில் மாநில எல்லை வரை சுமார் 86 கிலோமீட்டர். எல்லைக்கு அந்தப் பக்கம் அதே சாலை தமிழ்நாட்டின் 78-ஆம் எண்ணாகி வால்பாறை, ஆழியாறு வழியாகப் பொள்ளாச்சியில் முடிகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கும் சாலைகள் பெரும்பாலும் சந்தைக்கோ கோயிலுக்கோ போகிறவர்கள் நடந்து தேய்த்த தடங்கள். இது அப்படி அல்ல. இங்கே மலையிலிருந்து எதையாவது கீழே இறக்க வேண்டியிருந்தது. முதலில் மரம், பிறகு தேயிலை, பிறகு மின்சாரமும் தண்ணீரும். மனிதர்கள் ஏறி இறங்கிப் பார்ப்பதெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டது. சாலையின் அகலம், கேட், நேரக் கட்டுப்பாடு எல்லாமே இதை மனதில் வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

மரத்தின் கதை சாலக்குடி ரயில் நிலையத்தில் ஆரம்பிக்கிறது. ஷொர்ணூர்–கொச்சி ரயில் பாதை 1902-இல் ஓடத் தொடங்கியதும், பரம்பிக்குளம் காட்டுத் தேக்கைத் துறைமுகம் வரை கொண்டுபோக வழி கிடைத்தது. நடுவில் இருந்த மலைதான் பாக்கி. அதற்குக் கொச்சி சமஸ்தானம் 1907-இல் ஒரு மீட்டர்கேஜ் டிராம்வேயைத் திறந்தது. சாலக்குடியிலிருந்து காட்டுக்குள் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். சரிவான இடங்களில் இன்ஜின் கிடையாது. மரம் ஏற்றிய வண்டி கீழே இறங்கும். அதே கம்பி வடத்தின் மறுமுனையில் காலி வண்டி மேலே ஏறும். பாரமே இன்ஜின். சமதளத்தில் ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பல் நீராவி இன்ஜின்கள் இழுத்தன. 1963-இல் மூடிவிட்டார்கள். டிராம் போனது வேறு தடம், நம் சாலை போவது வேறு தடம். ஆனால் இரண்டும் செய்ய வந்த வேலை ஒன்றுதான்.

பஸ் நிலையத்துக்கு எதிரே புட்டும் கடலையும் 60 ரூபாய். கேட்காமலே ரோஜா நிறத்தில் சுடுதண்ணீர் வைத்தார்கள். பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்தது, கெட்டுப்போனது அல்ல. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் அதை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு பாட்டில் தண்ணீர் கேட்டது. பரிமாறியவர் முகம் சுளிக்காமல் ஒரு டம்ளர் எடுத்து, தானே குடித்துக் காட்டிவிட்டுப் போனார்.

அதிரப்பள்ளி வரைக்கும் 30 கிலோமீட்டர், அடிக்கடி தனியார் பஸ் உண்டு. வீடு, ரப்பர், ஜாதிக்காய்த் தோப்பு, மறுபடி வீடு. தும்பூர்மூழியில் ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை. சாலக்குடிப் பாசனக் கால்வாய்கள் அங்கிருந்துதான் பிரிகின்றன. அதைத் தாண்டி வெற்றிலப்பாறைப் பக்கம் எண்ணெய்ப் பனைத் தோட்டம். பகலிலேயே யானை வந்து நிற்கும் இடம் என்பதால் பைக்காரர்கள் அங்கே செல்ஃபிக்கு நிற்காமல் இருப்பது நல்லது.

அருவி 80 அடிதான். ஆனால் முழு ஆறும் ஒரே இடத்தில் விழுவதால் உயரம் பெரிதாகத் தெரிவதில்லை, சத்தம்தான் பெரிதாக இருக்கிறது. பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: மழைக்காலம் முடிந்த பிறகு இந்த அருவியின் பருமனைத் தீர்மானிப்பது மேகம் அல்ல, மேலே பொரிங்கல்குத்தில் இருக்கும் மின் நிலையம். சாயங்காலம் ஊர் விளக்குப் போடும் நேரத்துக்கு உற்பத்தியைக் கூட்டுவார்கள். அந்தத் தண்ணீர் சில மணி நேரம் கழித்து இங்கே வந்து சேரும். அதனால் காலையில் மூன்று பிரிவாக மெலிந்து கிடந்த அருவி வேறொரு நேரத்தில் ஒன்றாகிப் பருத்து நிற்கும். மேல்பக்கப் பாறைகளில் காய்ந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களைக் காவலர்கள் விசில் ஊதி எழுப்புவது இதனால்தான். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாதபோதும் ஆறு ஏறும். நுழைவுச் சீட்டைத் தொலைக்க வேண்டாம், அதே சீட்டு 5 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வாழச்சாலுக்கும் செல்லும்.

மதியம் ஊண், மீன் கறியோடு 130. கப்பா என்கிற மரவள்ளிக்கிழங்கு தனியாக 40. குரங்குகளுக்கு எந்தப் பையில் பழம்பொரி இருக்கிறது என்பது பையின் சொந்தக்காரருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

ஜனவரி 9, வெள்ளி. வாழச்சால் – மலக்கப்பாறை

கேட்டில் ஆரம்பிக்க வேண்டும். வாழச்சால் வனச் சோதனைச் சாவடியில் தனி வண்டிகளை நிறுத்தி வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, கையில் எத்தனை பிளாஸ்டிக் பாட்டில் என்று எழுதி ஒரு சீட்டுக் கொடுக்கிறார்கள். நுழைந்த நேரம் அதில் இருக்கும். மலக்கப்பாறைச் சாவடியில் அதே சீட்டைக் காட்ட வேண்டும். பாட்டில் குறைந்தால் கேள்வி வரும், நேரம் மிகக் கூடினாலும் கேள்வி வரும். இடையில் எங்காவது இறங்கி நின்றால் அந்தச் சீட்டே காட்டிக் கொடுத்துவிடும். இரவில் இந்தப் பாதை மூடியிருக்கும். பைக்குகளுக்கு மதியத்துக்கு மேல் நுழைவு மறுப்பது உண்டு. பருவத்துக்கு ஏற்ப நேரம் மாறுவதால் காலை 10 மணிக்கு முன் சாவடியில் நிற்பதுபோல் திட்டமிட்டால் எந்த வம்பும் இல்லை.

பெட்ரோல் விஷயம்: வாழச்சாலுக்கும் மலக்கப்பாறைக்கும் நடுவே உள்ள சுமார் 50 கிலோமீட்டரில் பங்க் கிடையாது, பஞ்சர் கடை கிடையாது, செல்போன் கோபுரமும் கிடையாது. சாலக்குடியிலேயே டேங்கை நிரப்பி, ஸ்டெப்னியில் காற்றுப் பார்த்துவிட்டு வருவதுதான் முறை. காரின் அடிப்பாகம் தாழ்வாக இருந்தால் ஓரத்தில் இறங்கி எதிர்வண்டிக்கு வழிவிடும்போது மெதுவாக இறக்க வேண்டும். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் பல இடங்களில் அரை அடி பள்ளம்.

பஸ்ஸில் வந்தால் இந்தக் கவலை இல்லை. கேரள அரசின் கேஎஸ்ஆர்டிசியும் ஒன்றிரண்டு தனியார் பஸ்களும் ஓடுகின்றன. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள். பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொரு வளைவிலும் இரண்டு முறை தூக்கிப் போடப்படுகிறார்கள்.

கேட்டைத் தாண்டியதும் வெளிச்சம் குறைகிறது. சாலை ஒரு பஸ்ஸும் ஒரு ஆட்டோவும் ஒட்டிப் போகிற அகலம், பல இடத்தில் அதுவும் இல்லை. மூங்கில், ஈற்றை என்கிற மெல்லிய மூங்கில், அதற்கு மேலே பெரிய மரங்கள். தென்னிந்தியாவின் நான்கு வகை இருவாச்சிகளையும் ஒரே காட்டில் பார்க்க முடிகிற இடம் வாழச்சால். பெரிய இருவாச்சி பறந்தால் தலையைத் தூக்க வேண்டியதில்லை; ரயில் இன்ஜின் மூச்சு விடுவதுபோல் இறக்கைச் சத்தம் முதலில் வந்துவிடும். ஜனவரியில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாயிலை அடைத்துக்கொள்ளும் காலம் தொடங்குகிறது, அதனால் வெளியே சுற்றுவது பெரும்பாலும் ஆண். இந்தக் கூடுகளைக் காவல் காப்பவர்களில் பலர் இந்தக் காட்டின் பழங்குடிகளான காடர்கள். தேன், குங்கிலியம் எடுக்க மரமேறிப் பழகியவர்களுக்குப் பொந்து எங்கே என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2014-இல் வாழச்சால் பகுதியின் ஒன்பது காடர் குடியிருப்புகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. அதிரப்பள்ளிக்கு மேலே திட்டமிட்ட 163 மெகாவாட் நீர்மின் திட்டத்தை அவர்கள் எதிர்த்த எதிர்ப்புக்கு அதற்குப் பிறகு சட்டத்தின் பலமும் சேர்ந்துகொண்டது.

பொரிங்கல்குத்து அணை 1957-இல் மின்சாரம் தரத் தொடங்கியது, ஆரம்பத்தில் 8 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரம். அதற்கு மேலே கேரளச் சோலையாறு, 1966, 54 மெகாவாட். சாலையோரக் காட்டுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மேலான இரும்புக் குழாய்கள் திடீரென்று சரிந்து இறங்குவதைப் பார்த்தால் அதுதான் பென்ஸ்டாக். மரத்தைக் கம்பி வடத்தில் இறக்கியவர்கள் போனார்கள், தண்ணீரைக் குழாயில் இறக்குகிறவர்கள் வந்தார்கள்.

ஒரு வளைவில் சாலையின் பள்ளத்துப் பாதி இல்லை. சிவப்புக் கொடி, மணல் மூட்டை, பஸ் மலையோரமாக உரசிக்கொண்டு போனது. இப்படி விழுவதற்கு மழையை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. மலைப்பக்கம் சாலையை ஒட்டி ஓர் ஓடை இருக்கும். சருகும் ஈற்றைத் தோகையும் விழுந்து அது அடைபடும். அடைபட்ட தண்ணீர் சாலையைக் குறுக்கே கடந்து பள்ளத்துப் பக்கம் இறங்கும். அந்தப் பக்கம் இருப்பது வெட்டிய பாறை அல்ல, கொட்டி நிரப்பிய மண். மண் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் ஓட்டைகள் வேர் நுழைந்தும் சேறு படிந்தும் மூடியிருந்தால், சுவர் முதலில் வயிறு தள்ளும். அப்புறம் தார் விளிம்புக்கு இணையாக ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்ததும் கனரக வண்டியை நிறுத்தினால் சாலை பிழைக்கும். இங்கே புதிதாகக் கட்டுவது சிமெண்ட் சுவர் இல்லை, கம்பி வலைக் கூடைக்குள் கல் அடுக்குவது. அதற்கு ஓட்டை தனியாக விட வேண்டியதில்லை, கூடை முழுக்க ஓட்டைதான். கொஞ்சம் அசைந்தாலும் உடையாமல் படிந்துகொள்ளும்.

அதற்குப் பிறகுதான் தாமதம். ஒரு கூந்தல்பனை சாலைக்குக் குறுக்கே கிடந்தது. காற்று இல்லை, மழை இல்லை. ஓட்டுநர் இன்ஜினை அணைக்காமல் ஹாரனில் இருந்து கையை எடுத்துவிட்டார். யானை தள்ளிய மரம் என்றால் யானை பக்கத்திலேயே நின்று மரத்துக்குள் இருக்கும் சோற்றைத் தின்றுகொண்டிருக்கும். ஒரு கார் பஸ்ஸைத் தாண்டி முன்னே போகப் பார்த்தது; நடத்துநர் இறங்கி அதன் பானட்டில் கை வைத்து, திட்டாமல், பக்கத்துக் காட்டைக் கண்ணால் காட்டினார். கார் பின்வாங்கியது. பஸ்ஸில் இருந்த மலக்கப்பாறைப் பெண்கள் அரிசிமூட்டை மேல் கால் நீட்டி வெற்றிலை மடிக்கத் தொடங்கிவிட்டார்கள். 'இப்பப் போயிரும் தம்பி, அதுக்கும் பசி ஆறணும்ல' என்றார் ஒருவர், சுத்தமான தென்பாண்டித் தமிழில். எல்லை இன்னும் வரவில்லை, ஆனால் பேச்சு முன்பே மாறிவிட்டது.

இந்தப் பாதையில் கபாலி என்று பெயர் வாங்கிய கொம்பன் யானை விஷயம் பலருக்குத் தெரியும். 2022 நவம்பரில் அது எதிரே வந்ததால் ஒரு தனியார் பஸ் சுமார் 8 கிலோமீட்டர் பின்னோக்கியே ஓடியது. திருப்ப இடமில்லாத சாலையில் அது ஒன்றுதான் வழி. விதி இவ்வளவுதான்: 100 மீட்டர் தள்ளி நில், ஹாரன் அடிக்காதே, விளக்கை மின்னாதே, இறங்காதே, பின்னால் வரும் வண்டி ஒட்டி நிற்க விடாதே. கடைசி ஒன்றைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பின்னால் ஐந்து கார் வால் பிடித்து நின்றால் ரிவர்ஸ் எடுக்க எங்கே இடம்?

முக்கால் மணி நேரம் கழித்து மரத்தின் நுனியை வெட்டி ஓரமாக இழுத்தார்கள். வெட்டுக்கத்தி பஸ்ஸிலேயே இருக்கிறது, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், பழைய டயர் ட்யூபில் சுற்றி.

மலக்கப்பாறையில் காடு ஒரே கோட்டில் நின்று தேயிலை தொடங்குகிறது. பரோட்டா 14 ரூபாய், பீஃப் கறி 130, கட்டன் சாயா 10. கடைக்காரர் மலையாளத்தில் கணக்குப் போட்டுத் தமிழில் சொன்னார். ஒருவர் பொங்கலுக்கு அடுத்த வாரம் ஊருக்குப் போவதற்கு வால்பாறை பஸ் நேரம் விசாரித்துக்கொண்டிருந்தார். ஊர் சங்கரன்கோவில் பக்கம். இந்த எஸ்டேட்டுகளுக்கு ஆள் சேர்த்த காலத்தில் கங்காணிகள் தென்மாவட்டங்களிலிருந்து கூட்டிவந்த குடும்பங்களின் பேரன் பேத்திகள் இவர்கள். இப்போது அவர்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட, எஸ்டேட்டின் வரிசைக் குடியிருப்பான லைன் வீடுகளில் ஜார்க்கண்ட், அசாம்காரர்கள்.

இரவு ஏழரைக்கே வாயில் புகை வந்தது. வெளியே எட்டிப் பார்க்காதீர்கள் என்று அறைக்காரர் சொன்னது குளிருக்காக அல்ல. சிறுத்தை நாய் பிடிக்க வரும் நேரம்.

ஜனவரி 10, சனி. சோலையாறு – வால்பாறை

மலக்கப்பாறையிலிருந்து வால்பாறை 27 கிலோமீட்டர்தான். பஸ் குறைவு, தவறவிட்டால் ஜீப். ஆளுக்கு 60 ரூபாய் வீதம் பதினொரு பேரை ஏற்றிக்கொண்டார்கள். ஜீப்காரர் காலில் செருப்பு இல்லை, பிரேக்கைத் தொட்டுப் பார்த்து ஓட்ட அதுதான் வசதியாம்.

எல்லை தாண்டியதும் சாலை கொஞ்சம் அகலமாகிறது, ஓரத்தில் வெள்ளைக் கோடு வருகிறது. இரண்டு பக்கமும் மைல்கல்லின் தலை பச்சைதான். மாநில நெடுஞ்சாலைக்கு நாடு முழுக்க அதுதான் நிறம்.

பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் இங்கே வருகிறவர்கள் அணையின் தண்ணீரைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கலாம். சோலையாறு என்ற பெயரில் இரண்டு அணை. மேலே இருப்பது தமிழ்நாட்டுடையது, கீழே நேற்று வழியில் வந்தது கேரளத்துடையது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 12.3 டிஎம்சி தண்ணீரைத் தமிழ்நாடு கீழே விட வேண்டும். அதோடு, ஒவ்வொரு செப்டம்பர் 1 அன்றும் பிப்ரவரி 1 அன்றும் கேரளச் சோலையாறு முழுக் கொள்ளளவில் இருக்க வேண்டும். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதனால்தான் நேற்றுக் கீழ் அணையில் கரையோரச் செம்மண் பட்டை மெலிதாக, தண்ணீர் மரவேர் வரை நின்றது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே மாதம். ஆனால் 1958 நவம்பரிலிருந்தே செல்லும் என்று எழுதிக்கொண்டார்கள். வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது, காகிதம் பின்னால் வந்தது.

செய்தித்தாளில் 'சோலையாறு 160 அடி' என்று வருவதைப் பார்த்து அணையின் உயரம் அது என்று நினைத்துவிடக் கூடாது, அது நீர்மட்டக் கணக்கு. அணையின் உயரம் 345 அடி. தண்ணீர் இங்கிருந்து இரண்டு திசையில் போகிறது. ஒரு மின் நிலையம் வழியாகப் பரம்பிக்குளத்துக்கு, இன்னொன்றின் வழியாகக் கேரளச் சோலையாற்றுக்கு. பரம்பிக்குளம் போன தண்ணீர் சுரங்கத்தில் தூணக்கடவு, சர்க்கார்பதி என்று நகர்ந்து ஆழியாறுக்கும் திருமூர்த்திக்கும் வந்துவிடும். அரபிக் கடலுக்குப் போக வேண்டிய மழை பல்லடத்துத் தென்னைக்குப் போகிறது. மலையைக் குடைந்து இதைச் செய்தார்கள் என்பதைப் பொள்ளாச்சிக்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. நேரு தொடங்கிவைத்த 1961 அக்டோபர் 7 அங்கே ஒரு விழா நாள்.

வால்பாறை ஊர் ஒரே தெருவில் முடிந்துவிடும். சாப்பாடு 100, அளவில்லை. தேநீர் 15 ரூபாய், சுமார்தான். ஏலத்துக்குப் போகும் நல்ல தூள் ஊர்க்கடையில் கிடைப்பதில்லை. தூள் வாங்குவதென்றால் தொழிற்சாலையின் சொந்தக் கடையில் வாங்குங்கள், கிலோ 280-இலிருந்து. மூடி திறந்து ஒரு சிட்டிகையை விரலில் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல தூள் கரகரவென்று உருளும், பழையது மாவாக ஒட்டும்.

இங்கே காப்பிதான் முதலில் வந்தது. 1864-இல் கர்நாடிக் காப்பிக் கம்பெனி நட்டுப் பார்த்து நஷ்டப்பட்டுக் கைவிட்டது. 1890-களில் கார்வர் மார்ஷ் வந்து காட்டை வெட்டித் தோட்டமாக்கியதில் இருந்துதான் இன்றைய வால்பாறை. பொள்ளாச்சிச் சாலையோரத்தில் அவருக்குச் சிலை உண்டு. காட்டை வெட்டிய கூலிக்காரர்களுக்குச் சிலை இல்லை. மலேரியாவிலும் மழையிலும் அவர்கள் செத்ததற்கு அடையாளமாக எஸ்டேட் மூலைகளில் பெயரில்லாத மேடுகள் இருக்கின்றன. சின்கோனா என்று ஓர் ஊரே இருப்பது அந்த மலேரியாவின் மிச்சம். கொய்னா மருந்துக்கு அரசாங்கம் மரம் வளர்த்த இடம். பின்னால் அது டான்டீ, அதாவது தமிழ்நாடு அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டமானது.

மதியத்துக்கு மேல் புதுத்தோட்டம். பொள்ளாச்சிச் சாலையில் ஊரை விட்டு வெளியே வந்ததும் வரும் சின்னக் காட்டுத் துண்டு. சிங்கவால் குரங்குகள் மரத்தில் வாழ வேண்டியவை. சாலை நடுவே ஓடியதால் தரையில் இறங்கிக் கடக்கப் பழகி, வண்டியில் அடிபட்டன. இப்போது சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கான்வாஸ் பட்டை ஏணிகள் கட்டியிருக்கிறார்கள். குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்ட ஒரு தாய் நடுவில் வந்ததும் நின்று, ஏணியின் முடிச்சைக் கையால் இழுத்துச் சோதித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தது. கீழே ஒரு வேன் சிப்ஸ் பாக்கெட்டைக் காட்டிக் கூப்பிட்டது. காவலுக்கு நின்ற இளைஞர், 'ஏனுங்க, உள்ள வைங்க. ஒரு தடவ இறங்கிப் பழகுச்சுன்னா நாளைக்கு டயருக்கடியிலதான்' என்றார். அவ்வளவு பொறுமையாக இதைச் சொல்ல ஒரு நாளைக்கு எத்தனை வேன் தேவைப்பட்டிருக்கும்.

வால்பாறையின் இன்னொரு நல்ல ஏற்பாடு யானை எச்சரிக்கை விளக்கு. உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு; யானை அருகில் இருப்பதைப் பார்த்தவர் செல்போனிலிருந்து அதை எரியவைக்க முடியும். எரிந்தால் அந்த வழியில் நடக்கக் கூடாது. குறுஞ்செய்தியும் போகும். வேலை முடிந்து இருட்டில் லைன் வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்காக நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு கொண்டுவந்தது. சுற்றுலா வந்தவர்களும் அதைப் பார்க்கப் பழக வேண்டும். சிவப்பு விளக்கைப் போட்டோ எடுக்கக் கிட்டே போனவர்கள் உண்டு.

ஜனவரி 11, ஞாயிறு. 40 வளைவு, ஆழியாறு, பொள்ளாச்சி

காலை எட்டு மணிக்கு கவர்க்கல் பக்கம் பானட் தெரியவில்லை. பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீம், இருந்தால் மஞ்சள் ஃபாக் விளக்கு. ஓடும் வண்டியில் நான்கு இண்டிகேட்டரையும் மின்னவிடுவது இங்கே பெரிய தொல்லை. வளைவில் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று எதிரே வருபவனுக்குத் தெரியாது. அது நின்ற வண்டிக்கான அடையாளம்.

கொண்டை ஊசி வளைவுகளின் எண் கீழிருந்து மேலே போகிறது, இறங்கும்போது 40-இல் தொடங்கி எண்ணிக்கொண்டே வரலாம். வளைவு என்பது சும்மா திருப்பிவிடுவது அல்ல. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி உள் விளிம்பின் ஆரம் குறைந்தது 14 மீட்டர், இரட்டைத் தட மாநில நெடுஞ்சாலையில் நுனியில் 11.5 மீட்டர் அகலம், அடுத்தடுத்த வளைவுக்கு நடுவே 60 மீட்டர் நேர்சாலை. வளைவுக்குள் ஏற்றம் 40-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது; அதாவது வளைவு கிட்டத்தட்ட சமதளம், ஏற்றமெல்லாம் இடைப்பட்ட நேர்சாலையில். இந்த விதிகளுக்கு முன்பே வெட்டிய மலைச்சாலை என்பதால் எல்லா வளைவும் இதற்குள் அடங்காது. நீளமான பஸ் உள்விளிம்பை ஒட்டித் திரும்ப முடியாமல் எதிர்த்தடம் முழுக்க எடுத்துக்கொள்வது அதனால்தான். அதைப் பார்த்து 'நம்ம சைடுல வர்றான்' என்று கோபப்படும் கார்காரர்கள் வளைவுக்குக் கீழேயே நின்றுவிட்டால் இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம்.

ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவைப் பக்கமிருந்து ஏறிவரும் கார்களின் வரிசையில் இது ஏட்டுச் சட்டமாக மட்டும் இருந்தது. சொந்த வண்டியில் வால்பாறை ஏறுகிறவர்களுக்கு 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் கட்டாயம். அரசு பஸ்ஸில் வருபவர்களுக்கு அந்த வேலை இல்லை.

ஓட்டுநர் இரண்டாவது கியரை விட்டு மாறவே இல்லை. எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது பழைய பாடம். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் லைனிங் சூடேறிப் பிடிப்பு போய்விடும். பெடல் அதே இடத்தில் நிற்கும், வண்டி நிற்காது. அதனால் அவர் நேர்சாலையில் ஒருமுறை அழுத்தி வேகத்தைக் கொன்று, முழுக்க விட்டுவிட்டு, இன்ஜினிலேயே வளைவை எடுக்கிறார். ஆபத்து அதிகம் கியர் இல்லாத ஸ்கூட்டருக்குத்தான். இன்ஜின் பிடிப்பு சொற்பம், இறக்கம் முழுவதும் இரண்டு சின்ன டிரம் தாங்க வேண்டும். ஆட்டோமேட்டிக் காரில் எல் அல்லது மேனுவல் முறையில் போட வேண்டும். ரப்பர் கருகும் வாசனை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி 20 நிமிடம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளையும், அடுத்த பிரேக்கில் ஸ்டியரிங் ஆடும். இன்று 14-ஆவது வளைவருகே ஒரு கார் முன்சக்கரத்தில் புகையோடு நின்றது, ஒருவர் கையில் இரண்டு லிட்டர் பாட்டில். எங்கள் ஓட்டுநர் பஸ்ஸை நிறுத்தி, 'ஊத்திராதீங்க சார்' என்று மட்டும் கத்திவிட்டுப் போனார்.

வாந்திக்கு: எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருப்பதைவிட, முன்பக்கம் உட்கார்ந்து வரப்போகும் வளைவைக் கண்ணால் பார்ப்பது பலன் தரும். போனைப் பார்த்தால் எதுவும் காப்பாற்றாது. வயிறு நிறைய பொங்கல் வடையோடு ஏறிய ஒரு பையனுக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்த பெரியவர், அவன் பின்னால் உட்கார்ந்தவர்களை ஜன்னலை மூடச் சொன்னார். தொலைநோக்கு.

அட்டகட்டியில் ஒரு கிளைச்சாலை காடம்பாறைக்குப் போகிறது. தமிழ்நாட்டின் முதல் நீரேற்று மின் நிலையம், 400 மெகாவாட், மலைக்கு அடியில். தேவை குறைந்த நேரத்தில் மேல் ஆழியாற்றுத் தண்ணீரை மேலே ஏற்றி, தேவை கூடும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். இந்த மலையில் எதையாவது ஏற்றுவதும் மறுபடி இறக்குவதற்குத்தான்.

9-ஆவது வளைவு லோம்ஸ் வியூ. கீழே ஆழியாறு அணை, அதற்கப்பால் தென்னை, இன்று வெயில் மங்கலில் பொள்ளாச்சி தெரியவில்லை. தடுப்புச் சுவர் மேலேயே நான்கு வரையாடுகள். சுவரின் உப்பை நக்குகின்றன, கார் கதவுச் சத்தத்துக்கு அசைவதில்லை. இவ்வளவு பழகிப்போனது நல்லதல்ல என்று பக்கத்தில் நின்ற வனக்காவலர் கம்பால் தரையைத் தட்டி மேலே விரட்டினார். இரண்டு போயின, இரண்டு அவரைச் சுற்றிவந்து மறுபடி நக்கத் தொடங்கின.

முதல் வளைவு முடிந்ததும் வெப்பம் முகத்தில் அடித்தது, ஸ்வெட்டர்கள் கழன்றன. மங்கி ஃபால்ஸ் திருப்பத்தில் கூட்டம் இறங்கியது. பலகையில் கவியருவி, வாயில் எல்லாருக்கும் மங்கி ஃபால்ஸ்தான். ஆழியாறு அணை ஓரத்தில் மீன் வறுவல் 100 ரூபாயில் தொடங்குகிறது. கேட்டால் அணை மீன் என்பார்கள், கண்ணைப் பார்த்து வாங்குங்கள். கறுத்துக் குழிந்திருந்தால் அது ஐஸ் பெட்டியில் நாள் பார்த்த மீன்.

அணையின் முழு மட்டம் 120 அடி. இங்கிருந்து இறங்கும் ஆறும் மணக்கடவு தாண்டிக் கேரளத்துக்கே போகிறது. பாலக்காட்டுச் சித்தூர் வயல்களுக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி அங்கே அளந்து விட வேண்டும் என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. மேலே சோலையாறில் ஒரு கணக்கு, கீழே மணக்கடவில் ஒரு கணக்கு. நாம் வந்த சாலை இரண்டுக்கும் நடுவே.

பொள்ளாச்சிக்கு இன்னும் 24 கிலோமீட்டர், நேர்சாலை. ஓட்டுநர் முதல்முறையாக நான்காவது கியருக்குப் போனார். பாதி பஸ் தூங்கிவிட்டது. பஸ் நிலையத்தில் இறங்கியதும் தலை இன்னும் வளைவு எடுத்துக்கொண்டிருக்கும். உடனே அடுத்த பஸ் ஏறாமல் ஒரு இளநீர் குடித்து பத்து நிமிடம் நில்லுங்கள், 40 ரூபாய். கோவைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது. சாலக்குடிக்குத் திரும்ப வேண்டியவர்கள் மலையேறாமல் பாலக்காடு, திருச்சூர் வழியாகப் போவது நல்லது.